மஞ்சள் பையை அச்சடிக்கும் கை, உலகம் சுற்றும் புத்தகத்தையும் அச்சடிக்கிறது!
ஓவிய மாணவர்களுக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் தொழிலாளிகளுக்கும் வழிகாட்டும் ஒரு சென்னைப் பட்டறை

ஊரில் நடந்த கல்யாணத்துக்குப் போய்விட்டு ஓசூர் வழியாகப் பெங்களூர் திரும்பும் தமிழர் கையில் பெரும்பாலும் ஒரு மஞ்சள் பை இருக்கும். உள்ளே தேங்காய், வெற்றிலை பாக்கு. வெளியே மணமகன் பெயர், மணமகள் பெயர், முகூர்த்த நாள். அந்தப் பை அடுகோடி வீட்டுக்கு வந்ததும் காய்கறி வாங்கப் போகிறது, ரேஷன் கடைக்குப் போகிறது. சாயம் வெளுத்துத் துணி நைந்த பிறகும் அதிலுள்ள எழுத்து மட்டும் அழியாமல் நிற்கிறது.

அந்த எழுத்தைப் பையில் ஏற்றியது பெரிய எந்திரம் அல்ல. ஒரு மரச்சட்டம், அதில் இழுத்துக் கட்டிய ஒரு வலைத்துணி, ஒரு ரப்பர்க் கட்டை, இரண்டு கைகள். இவ்வளவுதான் ஸ்கிரீன் பிரிண்டிங் என்ற திரையச்சு. அந்தக் காலத்தில் வலைக்குப் பட்டுத்துணியைப் பயன்படுத்தியதால், "பட்டுத்திரை அச்சு" என்றும் சொல்வது உண்டு.

பனியனில் இருக்கும் படம், வண்டியில் ஒட்டும் ஸ்டிக்கர், கடையின் பெயர்ப்பலகை, திருமண அழைப்பிதழில் மின்னும் தங்க எழுத்து என்று இந்த அச்சு இல்லாத இடம் குறைவு. பெங்களூரின் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் இன்னொன்றும் சொல்வார்கள். ரேடியோ, டெலிபோன், கம்ப்யூட்டர் ஆகியவற்றின் உள்ளே இருக்கும் பச்சை நிறச் சுற்றுப் பலகையில் வெள்ளையாகச் சிறு எழுத்துகள் இருக்குமல்லவா? அவற்றுக்குத் தொழிலில் இன்றும் "சில்க் ஸ்கிரீன்" என்றுதான் பெயர்.

இப்படி எங்கும் இருக்கும் தொழிலை நாம் கலை என்று நினைப்பதில்லை. அழைப்பிதழ்க் கடையின் பின்கட்டில் மை படிந்த விரல்களோடு நிற்கும் பையனைக் கலைஞன் என்று எவரும் சொல்வதில்லை. அதே சமயம், ஓவியக் கல்லூரியில் படிக்கும் மாணவன் இதே சட்டத்தையும் இதே ரப்பர்க் கட்டையையும் பிடித்தால் அது "கிராஃபிக் கலை" ஆகிவிடுகிறது! இந்த இரண்டு பேரும் ஒரே மேஜையில் சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையில் ஓர் உண்மைக் கதை இருக்கிறது.

சிங்கம் போட்ட பாதை

1994-ம் ஆண்டு சென்னையில் தாரா புக்ஸ் என்ற சிறு பதிப்பகத்தைக் கீதா உல்ஃப் என்பவர் தொடங்கினார். குழந்தைகளுக்குப் படக்கதைப் புத்தகம் போட வேண்டும், ஆனால் வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்து எழுதியதாக அது இருக்கக் கூடாது என்பது அவர்களுடைய எண்ணம்.

சோம்பேறிச் சிங்கம் ஒன்றின் கதையை அவர் எழுதினார். கதை ஆங்கிலத்தில்தான். ஆனால் அந்தச் சிங்கத்தின் பெயரே "சிங்கம்"! இரையைத் தேடி ஓடுவதற்குச் சோம்பல் பட்டு, குறுக்கு வழியில் சாப்பாடு தேடிப் புறப்படுகிறது அது. ஒவ்வொரு பிராணியும் அதை ஏமாற்றிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறது.

படம் வரைய வந்தவர் இந்திரபிரமித் ராய் என்ற இளம் ஓவியர். சாந்திநிகேதனில் அச்சுக்கலை படித்தவர். பிறகு பரோடாவிலும், லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் கல்லூரியிலும் பயின்றவர். மகாராஷ்டிரத்து வார்லிப் பழங்குடியினர் மண்சுவரில் வரையும் ஓவிய பாணியைத் தழுவி அவர் இந்தக் கதைக்குப் படங்களை அமைத்தார்.

படம் தயார். ஆனால் அதை எப்படி அச்சிடுவது? ஆப்செட் எந்திரத்தில் அடித்தால் வழவழப்பான காகிதத்தில் மற்றப் புத்தகங்களைப் போலத்தான் வரும். மண்சுவரின் சொரசொரப்பு அதில் வராது. ஆகவே கையால் செய்த காகிதம், அதில் கையால் இழுக்கும் திரையச்சு என்று முடிவு செய்தார்கள். மாதிரிப் பிரதியை ஜெர்மனியில் உள்ள பிராங்க்பர்ட் புத்தகச் சந்தைக்குக் கொண்டு போனார்கள்.

அங்கே கனடா நாட்டுப் பதிப்பகம் ஒன்று அதைப் பார்த்தது. "எங்களுக்கு 8,000 பிரதிகள் வேண்டும்!" என்று கேட்டது.

இழுப்புக் கணக்கு

8,000 பிரதி என்றால் ஆப்செட் எந்திரத்துக்குப் பெரிய வேலையே அல்ல. கையால் அடிப்பதென்றால் நிலைமை வேறு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

திரையச்சில் ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். ஒரு நிறத்துக்கு ஓர் இழுப்பு. 24 பக்கமுள்ள ஒரு புத்தகத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய தாளின் ஒரு பக்கத்தில் நான்கு பக்கங்கள் சேர்ந்து விழுவதாக வைத்துக்கொண்டால், ஒரு பிரதிக்கு ஆறு தடவை அச்சிட வேண்டும். மூன்று நிறம் என்றால் 18 இழுப்பு. 8,000 பிரதிகளுக்கு 1,44,000 இழுப்பு! ஒவ்வொரு இழுப்புக்கும் தாளை வைக்க வேண்டும், சட்டத்தை இறக்க வேண்டும், மையை இழுக்க வேண்டும், தாளை எடுத்துக் காயப் போட வேண்டும். காய்ந்த பிறகுதான் அடுத்த நிறம்.

இந்த வேலையை ஒருவரோ இருவரோ செய்துவிட முடியாது. ஆட்களைத் திரட்டி, பழக்கி, அதற்கென்றே ஒரு பட்டறை நடத்த வேண்டியிருந்தது. அப்படி வளர்ந்ததுதான் சென்னையில் ஆறுமுகம் என்ற திரையச்சுக் கலைஞரின் தலைமையில் இயங்கும் "ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ்" பட்டறை. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வேலை தேடி வந்த இளைஞர்கள் பலர் அங்கே தொழில் கற்றுக் கைதேர்ந்தார்கள். மை கலப்பது, அச்சடிப்பது மட்டுமல்ல. தாளை மடிப்பது, ஊசி நூலால் தைப்பது, அட்டை கட்டுவது எல்லாமே கைவேலைதான்.

மரங்களின் இரவு

இந்தப் பட்டறைக்கு உலகப் புகழ் தேடித் தந்த புத்தகம் 2006-ல் வந்தது. "தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்" என்பது அதன் பெயர். மரங்களின் இரவு வாழ்க்கை என்று பொருள். மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடி ஓவியர்களான பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேதி ஆகிய மூவர் அதற்குப் படம் வரைந்தார்கள்.

புத்தகம் முழுவதும் கறுப்புக் காகிதம். அதில் இளம்பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை என்று மரங்கள் ஒளி வீசுகின்றன. கறுப்புத் தாளில் வெளிர்நிறம் பளிச்சென்று விழுவது எப்படி என்று கேட்கலாம். இங்கேதான் திரையச்சின் பலம் இருக்கிறது. ஆப்செட்டில் மை மெல்லிய படலமாகத்தான் தாளில் படியும். கறுப்புத் தாளில் அடித்தால் அது அமுங்கிப் போகும். திரையச்சிலோ வலைக் கண்ணின் வழியாகக் கெட்டியான மை இறங்குகிறது. அடியில் உள்ள கறுப்பை அது மூடிவிடும். பக்கத்தை விரலால் தடவினாலே கோடு மேடாக நிற்பது தெரியும்.

2008-ல் இத்தாலி நாட்டுப் பொலோனா குழந்தைப் புத்தகச் சந்தையில் இந்தப் புத்தகத்துக்குப் பரிசு கிடைத்தது. பிறகு பல மொழிகளில் வெளிவந்தது. எந்த மொழியில் வந்தாலும் அச்சு சென்னையில்தான்! ஒவ்வொரு பிரதியிலும் அதன் எண்ணைக் கையால் எழுதுகிறார்கள்.

படம் வரைந்தவர்களில் பஜ்ஜு ஷியாம் ஒரு காலத்தில் இரவுக் காவலாளியாக வேலை பார்த்தவர். அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. துர்கா பாய்க்கு 2022-ல் அதே விருது கிடைத்தது.

2009-ல் இன்னொரு புதுமை செய்தார்கள். மேற்கு வங்காளத்தில் சுருளில் படம் வரைந்து, அதை விரித்துக் காட்டிப் பாட்டுப் பாடிக் கதை சொல்லும் பட்டுவா ஓவியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஜொய்தேவ், மொய்னா சித்ரகார் தம்பதி 2004-ம் ஆண்டு சுனாமியைப் பற்றி வரைந்த சுருளைத் திரையச்சில் அடித்து, மடக்கி விரிக்கும் புத்தகமாக்கினார்கள். சுனாமி அடித்துச் சென்ற கடலோரம் நம்முடையது. அந்தத் துயரத்தைப் பாடியவர்கள் வங்காளிகள். அச்சடித்த கைகள் தமிழ்க் கைகள்!

பெயர் தெரியாத அச்சுக்காரர்கள்

திரையச்சு ஒரே நாளில் ஒரே நாட்டில் தோன்றியதல்ல. ஜப்பானில் பல நூற்றாண்டுகளாகக் கிமோனோ துணிக்குச் சாயம் போடக் காகிதத்தில் கோலம் வெட்டிப் பயன்படுத்தினார்கள். வெட்டிய துண்டுகள் விழுந்துவிடாமலிருக்க மெல்லிய பட்டிழைகளால் தாங்கிப் பிடித்தார்கள். 1907-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் என்பவர், சட்டத்தில் கட்டிய பட்டுத்துணி வழியாக அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்தக் காலத்தில் மாவு மில்களில் சலிப்பதற்கென்று மெல்லிய பட்டு வலைத்துணி நெய்தார்கள். அதுவே அச்சுக்கும் பயன்பட்டது. பிற்பாடு நைலானும் பாலியஸ்டரும் பட்டின் இடத்தைப் பிடித்தன.

1930-களில் அமெரிக்காவில் பெரும் வேலையில்லாத் திண்டாட்டம் வந்தபோது, ஓவியர்களுக்கு அரசாங்கமே வேலை கொடுத்தது. நியூயார்க்கில் அந்தனி வெலோனிஸ் என்ற ஓவியர், கடை விளம்பரத்துக்குப் பயன்பட்டு வந்த திரையச்சைச் சக ஓவியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். விளம்பரத் தொழில் அப்போதுதான் கலையரங்கத்துக்குள் நுழைந்தது. 1962-ல் ஆண்டி வார்ஹோல் நடிகை மர்லின் மன்றோவின் முகத்தை இதே முறையில் அடித்துப் பெரும் புகழும் பணமும் சம்பாதித்தார்.

மாணவர்கள் சம்பந்தப்பட்ட ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1968-ம் ஆண்டு மே மாதம் பாரிஸ் நகரில் மாணவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அங்குள்ள புகழ்பெற்ற நுண்கலைக் கல்லூரியைப் பிடித்துக்கொண்ட மாணவர்கள் அதைச் சுவரொட்டிப் பட்டறையாக மாற்றினார்கள். முதல் சுவரொட்டியைக் கல்லச்சில் அடித்தார்கள். வேகம் போதவில்லை. உடனே திரையச்சுக்கு மாறினார்கள். பகலில் கூட்டம் போட்டு எந்தப் படம், எந்த வாசகம் என்று முடிவு செய்வார்கள். இரவு முழுவதும் அச்சடிப்பார்கள். விடிந்தால் நகரச் சுவர்களில் அவை ஒட்டப்பட்டிருக்கும். ஜூன் மாதக் கடைசியில் போலீசார் புகுந்து அவர்களை வெளியேற்றினார்கள். அந்தச் சுவரொட்டிகள் எதிலும் வரைந்தவர் பெயர் இல்லை. எல்லோரும் சேர்ந்து செய்த வேலை என்பதால் ஒருவர் பெயரைப் போடக் கூடாது என்று அவர்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது.

தானாக விரும்பிப் பெயரை விடுவது வேறு. யாரும் கேட்காததால் பெயர் இல்லாமல் போவது வேறு. நம் ஊர் அச்சுத் தொழிலாளிக்கு நேர்ந்தது இரண்டாவது.

நம்மவர் ஒருவர்

இந்தியாவில் ஓவியத்தையும் கைத்தொழிலையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று வாழ்நாள் முழுவதும் சொன்னவர் கே.ஜி. சுப்பிரமணியன். 1924-ல் கேரளத்துக் கூத்துப்பரம்பில், தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தபோது 1942 போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். பிறகு சாந்திநிகேதன் போய் ஓவியரானார். பரோடாவில் நுண்கலைப் பேராசிரியராக இருந்தபோது, மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து பொம்மை, துணி, படப்புத்தகம் எல்லாம் செய்து விற்கும் கலைச்சந்தையை ஊக்குவித்தார். குழந்தைகளுக்குத் தாமே கதை எழுதிப் படமும் போட்டார். 1980-களில் மீண்டும் சாந்திநிகேதனில் ஆசிரியராக இருந்தார். சிங்கத்தை வரைந்த ராய் அங்கே படித்ததும் அந்தக் காலத்தில்தான். மாணவர்கள் "மணிதா" என்று அழைத்த அந்தப் பெரியவர் 2016-ல் காலமானார்.

வீட்டு வாசலில் கோலம் போடுகிறவரும், மண்பானை வனைகிறவரும், கல்லூரியில் பட்டம் வாங்கிய ஓவியரும் ஒரே குடும்பம் என்ற எண்ணம் அவருடைய மாணவர் பரம்பரையில் ஊறியிருந்தது. பழங்குடிச் சுவரோவியமும் அழைப்பிதழ்ப் பட்டறையும் ஒரு புத்தகத்துக்குள் சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

மாணவர்கள் செய்து பார்க்கும் சோதனைகள்

ஓவிய மாணவர் ஒருவர் திரையச்சில் என்னென்ன சோதனை செய்யலாம்? நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது பயன்படும்.

முதல் சோதனைக்கு ரசாயனமே வேண்டாம். ஒரு தாளில் இலை வடிவத்தைக் கத்தரித்து எடுத்துவிட்டு, அந்தத் தாளைச் சட்டத்தின் அடியில் ஒட்டி மையை இழுத்தால், வெட்டிய இடத்தில் மட்டும் மை இறங்கும். ரங்கோலித் தூளை ஓட்டைத் தகட்டில் கொட்டிக் கோலம் போடுகிறோமே, அதே தத்துவம்.

இரண்டாவது, கையால் வரைந்த கோட்டை அப்படியே வலையில் ஏற்றுவது. ஒளி பட்டால் இறுகும் பசை ஒன்றை வலையில் பூசி இருட்டில் காய வைக்கிறார்கள். கண்ணாடி போன்ற தாளில் கறுப்பு மையால் படம் வரைந்து அதன் மேல் வைத்து வெயிலிலோ விளக்கிலோ காட்டுகிறார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். கறுப்புக் கோட்டின் நிழலில் இருந்த இடம் இறுகாது. தண்ணீர் விட்டுக் கழுவினால் அந்த இடம் மட்டும் கரைந்து வலைக் கண் திறந்துகொள்ளும். பைக்ரோமேட் என்ற உப்பு வெளிச்சம் பட்டால் மாறும் என்று 1839-லேயே ஸ்காட்லாந்துக்காரரான மங்கோ பாண்டன் கண்டுபிடித்தார். அந்த அறிவுதான் பல ஆண்டுகள் இந்தப் பசைக்கு அடிப்படையாக இருந்தது.

வலையிலும் வித்தியாசம் உண்டு. துணியில் அடிக்க ஓர் அங்குலத்தில் நூறு, நூற்றுப்பத்து இழை உள்ள வலை போதும். காகிதத்தில் நுண்ணிய கோடு விழ வேண்டுமானால் இருநூறுக்கு மேல் இழை வேண்டும். மாணவர்கள் முதலில் தவறுவது இங்கேதான். மெல்லிய பேனாக் கோட்டை முரட்டு வலையில் ஏற்றினால் கோடு பல்லுப் பல்லாக உடைந்துபோகும்.

மூன்றாவது சோதனை நிறக்கணக்கு. மஞ்சளுக்கு ஒரு சட்டம், நீலத்துக்கு ஒரு சட்டம். ஒளி ஊடுருவும் மையாக இருந்தால், மஞ்சள் மேல் நீலம் விழுந்த இடம் பச்சையாகிவிடும். இரண்டு சட்டத்தில் மூன்று நிறம்! தாளின் வெள்ளையையும் சேர்த்தால் நான்கு. பணம் குறைவாக உள்ள மாணவன் இப்படித்தான் யோசித்து வரையக் கற்றுக்கொள்கிறான். வரைந்து முடித்துவிட்டு அச்சுக்குக் கொடுப்பதல்ல இது. எந்த நிறம் முதலில், எது பிறகு, எங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும் என்று வரையும்போதே அச்சுக்காரனைப் போல நினைக்க வேண்டும்.

நான்காவது, பிசகு. இரண்டாவது நிறம் ஒரு நூல் விலகி விழுந்தால் அழைப்பிதழ்க் கடையில் அது கழிவு. ஓவியரோ சில சமயம் அந்த விலகலையே விரும்பி வைத்துக்கொள்கிறார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நேராக அடிக்கத் தெரிந்தவன் வேண்டுமென்று விலக்கினால்தான் அது சோதனை. தெரியாமல் விலகினால் அது பிசகுதான். இந்த வித்தியாசத்தைப் பட்டறையில் பத்து வருடம் நின்றவர் மாணவருக்குச் சொல்லிக் கொடுக்க முடியும். எந்த மை எந்தக் காகிதத்தில் ஊறும், மழைக்காலத்தில் எவ்வளவு நேரம் காயும், கட்டையை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும்.

உடம்பு முக்கியம்

இந்தத் தொழிலில் இறங்குகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பைக்ரோமேட் கலந்த பசை தோலில் பட்டால் புண்ணாக்கும். அந்தக் குரோமிய உப்பு புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் ஒன்று. அதற்குப் பதிலாக டயசோ முதலிய வேறு வகைப் பசைகள் கிடைக்கின்றன. மையைக் கரைக்கவும் சட்டத்தைத் துடைக்கவும் பயன்படும் தின்னர் ஆவி தலைசுற்றல் தரும். நீண்ட காலம் மூச்சில் போனால் நரம்பையும் ஈரலையும் கெடுக்கும். எளிதில் தீப்பற்றவும் கூடியது.

சின்ன அறை, மூடிய ஜன்னல், கையுறை இல்லாத கை. பல பட்டறைகளின் நிலைமை இதுதான். ஜன்னலைத் திறந்து வைப்பதும், கையுறை போடுவதும், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் காசு அதிகம் கேட்கும் காரியங்கள் அல்ல. நீரில் கரையும் மையில் பழகத் தொடங்கினால் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆபத்து குறைவு.

பிளெக்ஸ் வந்த பிறகு

கம்ப்யூட்டரில் படம் செய்து நேராகப் பெரிய துணியில் அடிக்கும் பிளெக்ஸ் வந்ததும், கையால் பலகை எழுதியவர்களும் திரையச்சுக்காரர்களும் அடி வாங்கினார்கள். பத்து நாள் வேலையைப் பத்து நிமிடத்தில் எந்திரம் முடித்தது. தேர்தல் பேனர், கடைத் திறப்பு, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் அங்கே போய்விட்டன. பலர் தொழிலை விட்டார்கள்.

ஆனால் காற்று ஒரே பக்கம் வீசவில்லை. 2018-ல் உயர் நீதிமன்றத்தின் கண்டிப்புக்குப் பிறகு பெங்களூர் மாநகராட்சி பிளெக்ஸ் பேனர்களுக்குத் தடை போட்டது. கர்நாடகத்தில் 2016-லேயே பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியது. துணிப்பை திரும்பினால் அதில் பெயர் போட யாராவது வேண்டும் அல்லவா? எண்ணிக்கை குறைவான பைகளுக்குக் கைத்திரையே சிக்கனம்.

இருந்தாலும் பை அடிப்பதை மட்டும் நம்பினால் போட்டியில் கூலி குறைந்துகொண்டே போகும். சென்னைப் பட்டறை காட்டிய வழி வேறு. எந்திரத்தோடு வேகத்தில் போட்டி போடாதே. எந்திரத்தால் முடியாததைச் செய் என்பதே அது. கறுப்புத் தாளில் வெளிர் மை, முரட்டுக் காகிதம், தொட்டால் தெரியும் கோடு. இவற்றுக்கு விலை கொடுக்க ஆள் இருக்கிறார்கள். அந்த ஆளைத் தேடிப் போவதற்கு நல்ல படமும் நல்ல கதையும் வேண்டும். அதைத் தருபவர்தான் ஓவிய மாணவர்.

அடுகோடிப் பிள்ளைகளுக்கு

அடுகோடி நமக்குத் தொழிற்சாலைப் பேட்டையாகத்தான் பழக்கம். 1950-களில் இங்கே எழுந்த "மைக்கோ" தொழிற்சாலை (2008 முதல் பாஷ் என்று பெயர்) எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஐ.டி.ஐ. படித்துப் பிட்டராகவோ டர்னராகவோ சேர்ந்தால் வாழ்க்கை நிலைத்தது என்று பெற்றோர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் தவறு இல்லை. ஆனால் ஆலை உற்பத்தி நகரத்தைவிட்டுப் பிடதி பக்கம் போய்விட்டது. ஆலை இருந்த ஓசூர் ரோட்டில் இன்று கம்ப்யூட்டர் வேலை நடக்கிறது.

இந்த நிலையில் பையன் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் படம் போட்டுக்கொண்டிருந்தால், "படம் போட்டால் பசி தீருமா?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். படம் மட்டும் போட்டால் கஷ்டம். படத்தோடு அச்சும் தெரிந்தால் வழி உண்டு. புத்தகப் படம், பனியன் வடிவமைப்பு, துணி அச்சு, பொட்டல அட்டை என்று வேலைகள் இருக்கின்றன.

பெங்களூர் குமாரகிருபா சாலையில் 1960-ல் தோன்றிய கர்நாடக சித்ரகலா பரிஷத் இருக்கிறது. எம்.எஸ். நஞ்சுண்டராவ் வளர்த்த நிறுவனம் அது. அங்கே நுண்கலைக் கல்லூரியும் உண்டு. ஓவியக் காட்சிகளும் நடக்கும். ஜனவரி மாதத்தில் "சித்ர சந்தே" என்ற பெயரில் அந்தச் சாலை முழுவதும் ஓவியச் சந்தையாகும். நூற்றுக்கணக்கான ஓவியர்கள் தங்கள் படங்களை ரோட்டோரம் வைத்து விற்பார்கள். அடுகோடியிலிருந்து ஒரு பஸ் தூரம்தான். பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம்.

மைசூரில் 1906-ல் அடிக்கல் நாட்டப்பட்ட நிறுவனத்தின் வழிவந்த சாமராஜேந்திர அரசு காட்சிக்கலைக் கல்லூரி இருக்கிறது. ஊரிலேயே படிக்க வைக்க நினைப்பவர்களுக்கு, 1850-ல் தொடங்கிய பழம்பெரும் சென்னை ஓவியக் கல்லூரியும், கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியும் உள்ளன. பி.யு.சி. அல்லது பிளஸ் 2 முடித்தவர்கள் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பில் சேரலாம். அச்சுக்கலையைத் தனிப் பாடமாக எடுத்துக்கொள்ளவும் இடம் உண்டு.

கல்லூரிக்குப் போக முடியாதவர்களுக்கும் வழி அடைபடவில்லை. சிக்பேட்டை, சுல்தான்பேட்டைப் பக்கம் அழைப்பிதழ்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. விடுமுறையில் ஒரு பட்டறையில் நின்று சட்டம் கட்டவும் மை கலக்கவும் கற்றுக்கொள்ளலாம். பட்டறையில் ஏற்கெனவே வேலை பார்ப்பவர்கள், ஓவிய மாணவர் யாராவது "அண்ணே, இந்தப் படத்தை அடித்துப் பார்க்கலாமா?" என்று வந்தால் விரட்டாமல் இருந்தாலே போதும். அந்தப் பையனுக்குத் தொழில் கிடைக்கும். பட்டறைக்குப் புதுப் படம் கிடைக்கும்.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி

சென்னையில் அச்சாகும் அந்தப் புத்தகங்களைக் கையில் எடுத்தால், முன்பக்கத்தில் கதை சொன்னவர், படம் வரைந்தவர் பெயர்கள் இருக்கும். பழங்குடி ஓவியர்களைப் புத்தக ஆசிரியர்களாகவே மதித்து அவர்களுக்கு ராயல்டி கொடுக்கிறார்கள். புத்தக விவரம் போடும் இடத்தில் இன்னொரு வரியும் இருக்கும். கையால் செய்த காகிதத்தில், ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ், சென்னை, அச்சடித்தது என்று அது சொல்லும்.

அந்த ஒரு வரிக்காக இந்தத் தொழில் நெடுங்காலம் காத்திருந்தது. பட்டறை வைத்திருக்கும் நம்மவர்கள் இனி ஒவ்வொரு பையின் மூலையிலும், ஒவ்வொரு அழைப்பிதழின் பின்புறத்திலும் தங்கள் பட்டறைப் பெயரையும் ஊர்ப் பெயரையும் சின்னதாக அடித்து அனுப்பலாம். அதற்குத் தனியாக ஒரு சட்டம் தேவையில்லை. அதே சட்டத்தில் ஓர் அங்குல இடம் போதும்.